அந்தத் துணியை இவர்கள் கையிலும் கொடுங்கள்

சீக்கியர்களின் உச்ச சமய பீடமான அகால் தக்தின் தலைவர் ஜத்தேதார் அவர்களுக்கும், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியாருக்கும்,

சத் ஸ்ரீ அகால். நான் சீக்கியன் இல்லை, தமிழ்நாட்டுக்காரன். எங்கள் வீட்டு விஷயத்தில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சுர்ஜித் சிங் பர்னாலா எங்கள் மாநில ஆளுநராக இருந்தவர். அந்த ஒட்டுறவு போதும் என்று நினைக்கிறேன்.

1986இல் பஞ்சாப் முதல்வராக இருந்து பொற்கோயிலுக்குள் போலீசை அனுப்பியதற்காகப் பக்தர்களின் செருப்பைத் துடைத்தார் அவர். அடுத்த ஆண்டு 'பந்த்' எனும் சீக்கிய சமூகத்திலிருந்தே தள்ளிவைத்தீர்கள். 1988 டிசம்பரில் கழுத்தில் பலகையோடு, தூணில் கட்டுண்டு நின்றார். தன்கா, அதாவது நீங்கள் விதித்த பரிகாரத் தண்டனை, முடிந்தது, சேர்த்துக்கொண்டீர்கள். 1990இல் சென்னைக்கு ஆளுநராக வந்த அதே மனிதர்தான், திமுக அரசைக் கலைக்க அறிக்கை தரமாட்டேன் என்று டெல்லியிடம் மறுத்தார்.

2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதல் தன்கா செய்ததையும் பார்த்தோம். காலில் கட்டு, சக்கர நாற்காலி, கையில் ஈட்டி, வாசலில் காவல். 4ஆம் தேதி ஒருவர் சுட்ட குண்டு தப்பியது. மறுநாள் ஆனந்த்பூர் சாகிபில் சேவைக்கு உட்கார்ந்துவிட்டார்.

மன்னிக்க சங்கத் (கூடியிருக்கும் சபை) பிடிவாதம் காட்டக்கூடாது, தண்டனை கையால் செய்யும் சேவையாக இருக்கட்டும் என்கிறது உங்கள் நடத்தை நெறி நூலான ரஹித் மரியாதா. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆனால் 2008இல் புருவத்தைத் திருத்தியதற்காகக் கமிட்டியின் மருத்துவக் கல்லூரியில் சீக்கிய ஒதுக்கீட்டு இடம் மறுக்கப்பட்ட மாணவிக்கு எந்தச் சேவையைக் கொடுத்தீர்கள்? வழக்கு உயர் நீதிமன்றம் போனது, நீங்கள் ஜெயித்தீர்கள். 1925 குருத்வாரா சட்டப்படி முடி வெட்டிய கேசதாரி (முடி வளர்க்கும் சீக்கியர்) 'பதித்' (நெறி தவறியவர்), கமிட்டித் தேர்தலில் ஓட்டு கிடையாது. 2016 திருத்தத்தில், படிப்படியாக நெறிக்கு வரும் சகஜ்தாரிகளின் ஓட்டும் போனது.

கேசத்தை விட்டால் அப்புறம் என்ன மிச்சம் என்பீர்கள். சரிதான். 1745இல் முடியை வெட்டவிடாமல் மண்டைத்தோலையே இழந்த பாய் தாரு சிங்கின் வழி வந்தவர்கள் நீங்கள். அதை லேசாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. கேட்பது வேறு. தலைவர்களை எதிரே நிறுத்தி, முகம் பார்த்து விசாரிக்கிறீர்கள். மாணவியின் விண்ணப்பத்தையும் வாக்காளர் படிவத்தையும் மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா பார்க்கிறார். அவரால் நிராகரிக்க முடியும், தன்கா விதிக்க முடியாதே!

அடுத்த முறை அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், அந்தப் பிள்ளையை முதலில் கூப்பிட்டு விசாரியுங்கள். ஒரு வாரம் லங்கரில் (குருத்வாராவின் பொதுச் சமையல்கூடத்தில்) தட்டுக் கழுவச் சொல்லுங்கள், செருப்பு வைக்கும் இடத்தில் துணியைக் கையில் கொடுங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
லங்கரில் உங்கள் ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கித் தின்ற ஒருவன்