பெட்டிக்குள்ளேயே செத்துப்போன ஷூ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் தம்பி மகன் கல்யாண வரவேற்பில் மேடை ஏறும்போது என் இடது கால் ஷூவின் அடிப்பாகம் கழன்று விழுந்தது. பசை விட்டுப்போய்க் கழன்றதல்ல, காய்ந்த அதிரசம் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து, நான் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் கறுப்புத் துகள். வாங்கி நாலு வருடம் ஆகிறது என்றாலும் பத்துத் தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன், அவ்வளவு பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். மேல்தோல் மட்டும் இன்னும் பளபளக்கிறது.

எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவர் அந்தத் துகளை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பி.யூ. சோல் சார், சும்மா வச்சிருந்தாலே இப்படி ஆயிடும்" என்றார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனும் அதையேதான் சொன்னான். பி.யூ. என்கிற பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வருமாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதம், வருடத்தைப் பார்த்து வாங்கச் சொன்னான். தள்ளுபடியில் வருவது எத்தனை வருடம் குடோனில் கிடந்ததோ!

கடையில் சோல் என்ன என்று கேட்டால் "எல்லாம் ஜென்யூன் லெதர் சார்" என்கிறார்கள். ஓரத்தில் தெரியும் தையலைக் காட்டுகிறார்கள், நகத்தால் நெருடிப் பார்த்தால்தான் அது நூலே இல்லை, அச்சில் வார்த்த வரி என்று தெரிகிறது. மேல்தோலையும் சோலையும் இணைக்கிற வெல்ட் பட்டை வைத்து நிஜமாகவே தைத்த ஷூவுக்கு விலை அதிகம், ஆனால் தேய்ந்த சோலை எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஷூக்களில் மேல்பாகம், உள்பக்கம், அடிப்பாகம் மூன்றும் எதனால் ஆனவை என்று சின்னச் சின்னப் படங்களாகவோ எழுத்தாகவோ போட்டே ஆகவேண்டும், 1994-இல் வந்த விதி அது. விரித்துப் போட்ட தோல் வடிவம் என்றால் தோல், வைர வடிவம் என்றால் தோலோ துணியோ அல்லாத வேறு பொருள். அதைப் பார்த்தாலும் ரப்பரா பி.யூ.வா என்று தெரியாதுதான், ஆனால் ஒரே வார்த்தையில் ஷூ முழுவதையும் தோல் என்று சொல்லி விற்க முடியாது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்து அங்கே அனுப்பும் ஷூவில் இந்தப் படங்களை ஒட்டுகிறவர்கள் நம் ஆட்கள்தான். இங்கே நமக்கு விற்கும்போதும் அதைப் போட்டு, கூடவே சோல் இன்னது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் வந்த ஊரில் குடியிருந்துகொண்டு இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி!

அப்புறம் என் பங்குக்கும் தப்பு உண்டு. பஞ்சு வைத்த திரவ பாலிஷைத் தேய்த்துத் தேய்த்து, நடக்கும்போது மடியும் இடத்தில் அந்தப் பூச்சு ஏடுபோல வெடித்துவிட்டது. தோலுக்கு முதலில் க்ரீம் கொஞ்சமாகத் தடவி ஊறவிட்டு, பிறகு மெழுகு பாலிஷைப் பழைய பனியன் துணியால் போட வேண்டும் என்று பெரியவர் செய்தே காட்டினார். மழையில் நனைந்தால் வெயிலில் வைக்கக் கூடாதாம், தோல் விறைத்துவிடும், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வைத்தால் போதும் (உங்கள் பத்திரிகை எட்டு பக்கம் சரியாக இருந்தது). பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும்.

உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோல் ஒட்டிச் சுற்றித் தைத்தும் கொடுத்தார், 600 ரூபாய். இனி கல்யாணத்துக்கென்று காத்திருப்பதாக இல்லை, ரேஷன் கடைக்குக்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

– ஒரு வாசகர், குரோம்பேட்டை, சென்னை