டிங் லிரெனைப் பற்றித் தம்பிக்கு

பாளையங்கோட்டை
29.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. மாடி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நினைத்து நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. விடியற்காலை மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் நீ ஆன்லைனில் இருக்கிறாய். தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும்.

போனில் 'ம்', 'சரிம்மா' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

குகேஷ் ஜெயித்த அன்றைக்காவது கூப்பிடுவாய் என்று இருந்தேன். செஸ் போர்டை விரித்தால் சோறு தண்ணி வேண்டாம் என்று கிடந்த பிள்ளை நீ. மாவட்டப் போட்டியில் வாங்கிய கோப்பையை அப்பா இன்னும் தானே துடைத்து வைக்கிறார். 18 வயசில் உலக சாம்பியன், அதுவும் சென்னைப் பையன்! அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் தம்பி, என் மனசு அவனிடம் தோற்ற சீனாக்காரர் டிங் லிரெனிடம்தான் நின்றுவிட்டது.

அந்த மனுஷன் 2023 ஏப்ரலில் கஜகஸ்தானில் இருக்கிற அஸ்தானாவில் உலக சாம்பியன் பட்டம் வாங்கினார். அதற்கப்புறம் மனச்சோர்வு, தூக்கமில்லை. மாதக்கணக்கில் ஆடவே இல்லை. அதை மறைக்காமல் தானே வெளியில் சொன்னார். 2024 ஜனவரிக்குப் பிறகு ஒரு கிளாசிக்கல் ஆட்டத்தில்கூட, அதாவது மணிக்கணக்கில் யோசித்து ஆடும் ஆட்டத்தில்கூட, ஜெயிக்காமல்தான் குகேஷோடு ஆட சிங்கப்பூருக்கு வந்தார். சுருண்டுவிடுவார் என்று எல்லோரும் பேசினார்கள். முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களோடு ஜெயித்தார். 11வது ஆட்டத்தில் தோற்று, மறுநாளே 12வதில் எழுந்து வந்தார். 13 ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

கடைசி ஆட்டத்தை அப்பாவும் நானும் யூடியூபில் பார்த்தோம். டிராதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கையில், 55வது நகர்த்தலில் யானையை எஃப் 2 கட்டத்தில் வைத்தார். அவ்வளவுதான். யானையும் போய், மந்திரியும் போய், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் அந்த ஆட்டத்தில் ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருந்த குகேஷ்தான் ஜெயிப்பான் என்று அப்பா விளக்கினார். உனக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டாம். குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினான். பேட்டியிலும் முதலில் டிங்கைத்தான் புகழ்ந்தான். அந்தப் பிள்ளையை வளர்த்தவர்களைக் கும்பிட வேண்டும். டிங்கும் அத்தனை கேமரா முன்னால் உட்கார்ந்து, தனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உலகமே பார்க்கத் தோற்றவரே தோற்றதைச் சொல்லிவிட்டார். பெற்றவர்களிடம் சொல்ல என்ன தயக்கம்? பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது, ஏஐ வந்தால் எங்கள் வேலையெல்லாம் யாருக்கு வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாய். எனக்கு அடுக்களை வரைக்கும் கேட்டது. 1997இலேயே செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவை டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் தோற்கடித்துவிட்டது. இன்றைக்கு என் கையிலிருக்கிற போன் குகேஷையும் டிங்கையும் சேர்த்தே வெல்லும். ஆனாலும் ஜனங்கள் இரண்டு மனுஷர்கள் யோசிப்பதைத்தான் ராத்திரி பகலாகப் பார்த்தார்கள். ஆட்டம் வேறு, சம்பளம் வேறு என்று நீ சொல்வாய். உண்மைதான், செஸ்ஸை வைத்து வீட்டு லோன் கட்ட முடியாது. ஆனால் எங்கள் வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நானும் வாயிற்கூட்டத்தில் நின்று கோஷம் போட்டவள்தான். லெட்ஜரில் பேலன்ஸ் போடும் வேலை போயிற்று. சிலருக்குப் புது வேலை பழகியது, சிலருக்குக் கடைசிவரை பழகவில்லை. பழகாதவர்களை நாங்கள் யாரும் மட்டமாக நினைத்ததில்லை.

பெங்களூரில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று போஸ்ட் ஆபீஸ் மாமா மகன் சொன்னான். இரண்டு மூன்று கம்பெனி பேரும் சொன்னான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அஷ்வின் பாதித் தொடரில் விலகியதற்கு டீக்கடை வரைக்கும் திட்டுகிறார்கள். 537 விக்கெட் எடுத்தவனுக்கு எப்போது போதும் என்று தெரியாதா? அவன் செய்ததுதான் சரி.

அவன் விலகிய அதே டிசம்பர் 18 அன்றுதான் ஆ. இரா. வேங்கடாசலபதிக்குச் சாகித்திய அகாடமி விருதும் அறிவித்தார்கள். நம் ஊரில் 1908இல் நடந்த எழுச்சியைப் பற்றிய புத்தகம். வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கும் ஒரு பிரதி உண்டு. கப்பல் விட்டதையும் செக்கிழுத்ததையும் எல்லோரும் பேசுகிறோம். சிறையிலிருந்து வந்த பிறகு வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது இல்லை, சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார் என்பதை யார் பேசுகிறார்கள்? சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்த நீதிபதி வாலேஸ் துரையின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். உதவியை வாங்கிக்கொள்ள அவ்வளவு பெரிய மனுஷன் கூச்சப்படவில்லை. நீ பத்தாம் வகுப்பிலிருந்தே யாரிடமும் ஒரு ரூபாய் கேட்க மாட்டாய். அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும். எங்களிடமும் அதே ரோஷம் எதற்கு?

இந்த மாசம் பணம் போட வேண்டாம். அப்பா பென்ஷனும் என் பென்ஷனும் தாராளமாகப் போதும். போன மாசம் அனுப்பியதையே எடுக்கவில்லை. லோன் தவணை எவ்வளவு என்று மட்டும் அப்பாவுக்கு எழுது, அவராகக் கேட்க மாட்டார்.

பொங்கலுக்கு நாகர்கோவில் ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வா. துணியெல்லாம் எடுத்து வா. திரும்பிப் போக டிக்கெட் இப்போது எடுக்காதே.

அம்மா