பேனல் மேல் ஷீட் போடாதே, மாப்ளே

அன்பு மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேன் கூரையில் உள்ள சோலார் பேனல்களுக்கு மேலே அக்ரிலிக் ஷீட் போட்டு நிரந்தரமாக மூடப் போகிறாய் என்று நம் கூட்டாளி தாடி போனில் சொன்னான். வேண்டாம்டா. ஷீட்டை வாங்கிவிட்டாய் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு, அறுத்து ஓட்டை போட்டுவிட்டால் அதையும் செய்ய முடியாது.

உன் பயம் நியாயமானதுதான். அத்தனை காசு போட்டு வாங்கிய பொருள் வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கிறது, கல் விழுமோ, கிளை விழுமோ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பேனலின் மேல்பக்கம் ஏற்கெனவே கெட்டியானது. அலுமினிய ஃபிரேம் போட்ட பேனல்களில் பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர் டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி, இருக்கும். ஐஇசி 61215 என்ற தரச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலே, பேனலில் 11 இடங்களில் அடித்துப் பார்க்கிறார்கள். அதைத் தாங்கிய கண்ணாடிக்கு மேலே நீ இன்னொரு பிளாஸ்டிக்கைப் போட்டால் என்ன நடக்கும்? தெளிவான புது அக்ரிலிக்கே விழுகிற வெளிச்சத்தில் சுமார் 92 சதவீதத்தைத்தான் உள்ளே விடும். கீறல் விழுந்து, நடுவில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் குறையும். அதைவிட மோசம் சூடு. சிலிக்கான் பேனலின் திறனை 25 டிகிரியில் அளக்கிறார்கள், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை மின்சாரம் குறையும். வெயிலில் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதன் மேல் காற்றுப் போகாத மூடி வேறா? பேனலைக் காப்பாற்றுகிறேன் என்று நீயே வேகவைத்துவிடுவாய்.

பேனலுக்கு அடியிலும் முன்விளிம்பிலும்தான் ஆபத்து அதிகம், அங்கே யாரும் பார்ப்பதே இல்லை. போன வருஷம் அந்தப் பாலம் தாண்டி தாடி வண்டியை ஓரம் கட்டியது ஞாபகம் இருக்கிறதா, “மேலே ஏதோ தட்டுதுடா” என்றானே? கல்லும் கிடையாது, கிளையும் கிடையாது. பேனலைக் கூரையோடு பிடித்திருக்கிற முன்பக்க பிராக்கெட்டின் ஒரு நட்டு அதிர்வில் கழன்றிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அந்தப் பேனல் பின்னால் வந்த யாருடைய வண்டிக் கண்ணாடியிலோ போய் விழுந்திருக்கும். அன்றைக்கு நாம் சிரித்துக்கொண்டே வந்தோம், எனக்கு இப்போதும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றின் அழுத்தம் சுமார் 470 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ. வேகம் 80-லிருந்து 120 ஆனால் இந்த அழுத்தம் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு ஆகும். எதிர்க்காற்று அடித்தால் அதன் வேகத்தையும் வண்டி வேகத்தோடு கூட்டிக்கொள். அடியில் புகுகிற காற்று பேனலைக் குடை மாதிரி மேலே தூக்கப் பார்க்கும். அதனால் அந்த ஷீட் காசில் முன்விளிம்புக்கு ஒரு சரிவான அலுமினியத் தகடு வாங்கிப் போடு. காற்று மேலே ஏறிப் போய்விடும், ஓட்டும்போது வருகிற ஊளைச் சத்தமும் குறையும். ஆனால் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியை விட்டு, பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் திறந்தே வை, அந்தக் காற்றோட்டம்தான் சூட்டை எடுத்துப் போகும்.

நட்டுகளை அதிர்வில் கழலாத, நைலான் வைத்த லாக் நட்டாக மாற்று. ஃபிரேமில் கம்பெனி போட்ட ஓட்டைகளையே பயன்படுத்து, புதிதாகத் துளைக்காதே, வாரண்டி போவதோடு டிரில் முனை கண்ணாடி ஓரத்தைத் தொட்டால் டெம்பர்டு கண்ணாடி முழுசாகப் பொடிந்துவிடும். எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து இருந்தால் அலுமினியம் அரித்துப் போகும், நடுவில் நைலான் வாஷர் வை. பிராக்கெட்டைக் கூரையில் ஒட்டுவதாக இருந்தால் பாலியூரிதேன் பசைதான், சிலிகோன் பசை வேண்டவே வேண்டாம். சிலிகோன் ஒருமுறை பட்ட இடத்தில் அப்புறம் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை எடுத்து ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல இறுகும், அதனால் ஒட்டிய மறுநாளே நெடுஞ்சாலையில் விரட்டாதே. அப்புறம் ஒயர். கூரையில் ஆடிக்கொண்டிருக்கிற ஒயர் உராய்ந்து உராய்ந்து உறை கிழியும், அங்கங்கே கிளிப் போட்டு இறுக்கு.

கூரை மேல் ஏறினால் பேனலில் கால் வைக்காதே. கண்ணாடி உடையாமலே உள்ளே மின்சாரம் தயாரிக்கிற செல்களில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது, சில மாதம் கழித்து மின்சாரம் குறையும்போதுதான் தெரியும். வளைகிற மெல்லிய பேனல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். எடை குறைவு என்பது உண்மை, ஆனால் கூரையோடு ஒட்டிக் கிடப்பதால் சூடு போக வழியில்லை, அந்த விரிசலும் அதில் சுலபமாக விழும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பறவை எச்சத்தைக் காயவிடாதே. ஒரே ஒரு செல்லை அது மறைத்தாலும் அந்த வரிசை முழுக்கத் தடுமாறும், மறைந்த செல் சூடேறிக் கருகக்கூட வாய்ப்புண்டு. காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதே.

ஆலங்கட்டி மழை பற்றி மட்டும் உன்னோடு நானும் கவலைப்படுகிறேன். கட்டியின் விட்டம் இரண்டு மடங்கானால் அது அடிக்கிற ஆற்றல் சுமார் 16 மடங்கு, அதனால் பெரிய கட்டிகளுக்கு 25 மில்லிமீட்டர் சோதனை உத்தரவாதம் ஆகாது. வீட்டுக் கூரையில் பேனல் சாய்ந்திருப்பதால் கட்டி சறுக்கிப் போகும், வேனில் படுத்திருப்பதால் அடி நேராக விழும். இதற்குத் தடிமனான ஃபோம் மெத்தை ஒன்றைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொள், எச்சரிக்கை வந்ததும் விரித்துக் கட்டிவிடு. ஓட்டிக்கொண்டிருந்தால் வேகமும் அடியோடு சேரும், உடனே நிறுத்து, கூரை இருக்கிற இடம் கிடைத்தால் நல்லது, மரத்தடி மட்டும் கூடாது. பேனல் கனெக்டரைக் கழற்றும் முன்பும் அதே மெத்தையைப் போர்த்தி மின்சாரத்தை நிறுத்து, வெயிலில் கரண்ட் ஓடும்போது பிடுங்கினால் தீப்பொறி பறக்கும்.

ஒருவேளை கண்ணாடி உடைந்தே போனால், மின்சாரம் இன்னும் வருகிறதே என்று ரெசின் பூசி ஓட்டாதே. தண்ணீர் உள்ளே போனால் ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. குழந்தைகள் அந்த வண்டியில்தான் தூங்குகிறார்கள்டா. கழற்றிவிட்டு வேறு பேனல் மாட்டு.

கிளம்பும் முன் நாலு பிராக்கெட்டையும் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு. உன் கூரை ஃபைபரா, இரும்பா, ரப்பர் விரிப்பா என்பதையும் எழுது. ரப்பர் என்றால் பெட்ரோல் சார்ந்த கிளீனர் எதையும் அதில் தடவாதே, உப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை தாடியையும் இழுத்துக்கொண்டு நான் வருகிறேன், ஏணியைத் தயாராக வை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்