திறக்காத பதினோரு மெட்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் இசையமைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, திறமூல மென்பொருள்களை, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடுபவற்றை, காசில்லாதவர்களுக்கான மாற்று என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

என்னிடம் பதினோரு மெட்டுகள் இருக்கின்றன. கேட்கத்தான் முடியாது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் போட்டவை. நிறுவனம் அந்தப் பதிப்பைக் கைவிட்டது. புதுக் கணினியில் உரிமச் சாவி செல்லவில்லை. அந்தக் கோப்பை வேறெந்த மென்பொருளும் சீண்டவில்லை. எந்த ஸ்வரம் எப்போது என்று மட்டும் குறித்துவைக்கும், பல மென்பொருள்களும் படிக்கும் மிடி கோப்பாக ஒரு நகல் எடுத்துவைத்திருக்கலாம். புத்தி அப்போது வரவில்லை.

1986இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பாரி வெர்கோ உருவாக்கிய சிசவுண்ட் என்ற திறமூல இசை மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை. வாத்தியம், ஸ்கோர் எனும் ஸ்வரப் பட்டியல் இரண்டுமே வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே எந்த ஸ்வரம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று வாசித்துவிடலாம். பார்வையற்றவரும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு தன் மெட்டைத் தானே திருத்தலாம். குமிழும் பொத்தானும் படமாகவே வரைந்திருக்கும் மென்பொருள்களில் அது பெரும்பாடு.

சிசவுண்ட் புதியவரை மிரட்டும், உண்மைதான். சாம் ஆரன் உருவாக்கிய சோனிக் பை என்ற இன்னொரு திறமூல மென்பொருள் மிரட்டாது. 'ப்ளே 60' என்று ஒரே வரி. பியானோவின் நடு 'சி' ஒலிக்கும். 61 என்றால் அடுத்த கட்டை. 60.5 என்று போட்டுப் பாருங்கள்: இரண்டு கட்டைக்கும் நடுவில், பியானோவில் கிடைக்கவே கிடைக்காத சுருதி. கமகத்தில் ஊறிய காதுக்கு அந்தப் புள்ளி ஐந்தை நான் விளக்க வேண்டியதில்லை.

திறமூலத்திலும் குறை உண்டு. ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்ததுமே 'பஃபர் எவ்வளவு?' என்று கேட்கும். ஒலியைக் கணினி 'மாதிரி' எனும் நுண்துண்டுகளாக நறுக்கும்; எத்தனை துண்டைச் சேர்த்துவைத்து வெளியே விடுவது என்பதே பஃபர். 64 என்று வைத்தால் வேகம் போதாத கணினியில் சத்தம் கொரகொரக்கும். 2048 என்று வைத்தால், நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில், கட்டையை அழுத்தி 40 மில்லிநொடிக்கு மேல் கழித்துத்தான் ஸ்வரம் வரும். தாளம் கையில் நிற்காது. இதற்கான உதவிப் பக்கத்தை எழுதுபவர் நிரலாளர், படிக்க வேண்டியவரோ பாட்டு வாத்தியார். நானே இரண்டு முறை பாதியில் மூடிவைத்தேன்.

உங்கள் இதழில் நான்கு வாரம் இடம் ஒதுக்கி, விவரம் தெரிந்த ஒருவரை இதையெல்லாம் பாடுகிறவருக்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் பஃபரிலிருந்தே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்