லாம்ப் எரிஞ்சத போர்டுக்கு சொல்ல ஆளில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

செவ்வாய்பேட்டையில பதினாலு வருசமா புரொஜெக்டர் வாடகைக்கு விடறேன், ரிப்பேரும் பாப்பேன். போன மாசம் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் விசேஷத்துக்கு போன மிஷின், லாம்ப் எரியுது, பத்து செகண்ட்ல அணையுது, மறுபடி எரியுது மறுபடி அணையுது, கடைசில செவப்பு லைட் மட்டும் மினுக்கு மினுக்குன்னுது. மொதல்ல மலை மேலதான் சந்தேகப்பட்டேன். ஏற்காடு சுமாரா 1500 மீட்டர் உயரம், காத்து லேசு, அதே ஃபேன் அதே வேகத்துல சுத்துனா சூடு எறங்காது, அதுக்குன்னே மெனுவுல ஹை ஆல்டிட்யூட்னு ஒண்ணு இருக்கும். அதப் போட்டும் ஆகல, கீழ சேலத்துக்கு கொண்டாந்தும் அதே கதை.

புக்கை பொரட்டுனா அந்த செவப்பு லைட்டுக்கு "சர்வீஸ் சென்டரை அணுகவும்"னு ஒரே வரி. அணுகினேன். லாம்ப் போச்சுன்னாங்க, புதுசு வாங்கிப் போட்டேன், ஆகல. அப்பறம் மெயின் போர்டு (மிஷினுக்கு மூளை மாதிரி இருக்கற சர்க்யூட் பலகை) போச்சு, 18,000 ஆகும்னாங்க. செகண்ட்ஸ்ல மிஷினே அந்த வெலைக்கு வருமுங்க.

நானே கழட்டிட்டேன். உள்ள நடக்கறது என்னன்னா, ஒவ்வொரு பார்ட்டும் மெயின் போர்டுக்கு கணக்கு சொல்லிட்டே இருக்கணும். ஃபேன்ல மூணாவதா ஒரு ஒயர் வரும், சுத்தறத பல்ஸ் பல்ஸா சொல்றது அதான். கலர் வீல்னு லாம்ப் வெளிச்சத்துக்கு கலர் குடுக்கற சுத்தற சக்கரம் ஒண்ணு, அது நடுவுல ஒரு கருப்பு அடையாளம், பக்கத்துல ஒரு சென்சார், இப்ப எந்த கலர் முன்னாடி நிக்குதுன்னு அத வச்சுத்தான் போர்டுக்குத் தெரியும். லாம்ப்புக்கு பேலஸ்ட்னு தனி போர்டு, அதுல ஈபி லைன்ல இருந்து வந்து கிட்டத்தட்ட 380 வோல்ட் டிசி நிக்கும், லாம்ப்ப கொளுத்தற நேரம் பல ஆயிரம் வோல்ட் அடிக்கும். மெயின் போர்டுல இருக்கற ஐசியோ (சிப்பு) 3.3 வோல்ட் ஆசாமி. ரெண்டையும் நேரா ஒயர் போட்டு இணைச்சா ஐசி பொகைஞ்சிரும், அதனால நடுவுல ஆப்டோகப்ளர்னு நாலு கால் பூச்சி மாதிரி ஒண்ணு, உள்ள இந்தப் பக்கம் குட்டி எல்இடி, அந்தப் பக்கம் அதப் பாக்கற டிரான்சிஸ்டர், வெளிச்சத்துலயே சேதி போகும். போக ஒண்ணு, "லாம்ப் எரிஞ்சிருச்சு"ன்னு திரும்பி வர ஒண்ணு. வருசக்கணக்கா சூட்டுல கெடந்தா திரும்பி வர்றதுல இருக்கற எல்இடி மங்கிரும். லாம்ப் நல்லாத்தான் எரியுது, ஆனா போர்டுக்கு பதில் வரல, எரியலன்னு நெனச்சு கட் பண்ணிருது.

12 ரூவா ஆப்டோகப்ளர் மாத்துனேன், ஓடுது. (வீட்ல யாரும் இதப் படிச்சிட்டு கழட்டாதீங்க, பிளக்கை புடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், எனக்கு ஒருக்கா கை மரத்துப்போச்சு.)

நான் கேக்கறது ஒண்ணுதான், எந்த மினுக்கலுக்கு எந்த பார்ட் பதில் சொல்லலன்னு புக்குலயே போட்டா என்ன குறைஞ்சிரும்? ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்குன பொருள ரிப்பேர் பண்ணிக்கற உரிமைன்னு, மத்திய அரசு 2022 டிசம்பர்ல போர்ட்டலே தொறந்தாங்க, செல்போன், விவசாயக் கருவி, வண்டி, வீட்டுச் சாமான்னு நாலு வகை. புரொஜெக்டர் கம்பெனிக்காரங்களும் சர்வீஸ் மேனுவலை காசுக்காவது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு குடுக்கச் சொல்லி நீங்க எழுதணுமுங்க.

வாங்குன புது லாம்ப்ப அவங்க திருப்பி எடுத்துக்கல, அது அலமாரில கெடக்குது.

இப்படிக்கு
புரொஜெக்டர் மெக்கானிக், செவ்வாய்பேட்டை, சேலம்