செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வராத புத்தகங்களைப் பற்றியே பேசிய வருடம்

பகடை உருட்டிக் கதை ஆடும் நம் சங்கத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று திட்டினீர்கள். இந்த முறை சுருக்கமாக முடிக்கத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் எண்கள். உறுப்பினர்கள் 31, சந்தா கட்டியவர்கள் 22. மீதி ஒன்பது பேர் யார் என்பதைப் பொருளாளர் வாசிப்பார், நான் வாசித்தால் சண்டை வரும். மாதக் கடைசி சனிக்கிழமைக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. நடக்காத ஒன்று நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் வந்த நாள். விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள். அன்றைக்கும் காலை ஏழு மணிக்கு "மேற்கு மாம்பலத்துல தண்ணி நிக்குதா, வரலாமா?" என்று கேட்ட உறுப்பினரை இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. முழங்கால் வரை நின்றது சார்.

அவர் ஏன் அவ்வளவு துடித்தார் என்றால், அன்றைக்குத்தான் புது டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடைப் (ஆட்டத்தை நடத்துகிறவருக்கான புத்தகம், சுருக்கமாக டிஎம் கைடு) பற்றிப் பேசுவதாக இருந்தோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த, ஆளுக்கு ஒரு பாத்திரமாகிக் கதையை ஆடும் விளையாட்டு, ஐம்பதாவது வருடத்தில் அதன் மூன்று மூலப் புத்தகங்களையும் திருத்தி வெளியிட்டார்கள்: பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர் 17, டிஎம் கைடு நவம்பர் 12, மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரி 18. சரி, நல்ல விஷயம். ஆனால் நம் மினிட்ஸ் நோட்டைப் புரட்டினால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து கூட்டத்திலும் கையில் இல்லாத ஹேண்ட்புக்கைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். 384 பக்கம், 12 கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி மாதிரிப் பாத்திர வகைகள்), 48 சப்கிளாஸ் (அவற்றின் உட்பிரிவுகள்), எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டோம். புத்தகம் வந்த பிறகு உட்கார்ந்து ஆடிய செஷன்கள் எத்தனை என்று கேளுங்கள். மூன்று.

புத்தகம் வந்த கதையும் லேசானதில்லை. ஒன்று 49.99 டாலர், நம் பணத்தில் நாலாயிரத்துக்கு மேல். வரவழைத்தால் 2019 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் புத்தகத்துக்குப் போட்ட 5 சதவீத சுங்க வரி வேறு, கூரியர் செலவு வேறு. கடைசியில் ஒரு உறுப்பினரின் அக்கா பெட்டியில் ஊறுகாய் பாட்டில் போன இடத்தில் திரும்பி வரும்போது மான்ஸ்டர் மேனுவல் வந்தது. அவருக்கு சங்கத்தின் நன்றி. ஐந்நூறுக்கு மேல் பூதங்கள் உள்ள அந்தப் புத்தகத்தில் ராட்சசனும் உண்டு, புலித்தலையோடு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியபடி. என் பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். "இது யாரு, மாட்டு டாக்டரா?" என்றாள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. நம்மில் மூன்று பேர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஃப்ரீலான்ஸாக எழுதுகிறார்கள். ஒப்பந்தப்படி எந்தப் புத்தகம், என்ன அத்தியாயம் என்று வெளியாகும்வரை வாயைத் திறக்கக்கூடாது. நாம் என்ன செய்கிறோம்? வரப்போகும் புத்தகங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்கள் முகத்தைப் பார்க்கிறோம். ஒருவர் டீ குடிக்க எழுந்து போனதையே "உறுதி" என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அவர் மறுநாள் எனக்கு போன் பண்ணி, இனிமேல் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றார். நானும் சேர்ந்து சிரித்தவன்தான், அதனால் மன்னிப்பு என் தரப்பிலிருந்தே தொடங்கட்டும்.

அவர்கள் வேலை எப்படி என்று தெரிந்தால் இந்த முகம் பார்க்கும் விளையாட்டை ஆடமாட்டோம். கூலி சொல் கணக்கில். நம் உறுப்பினர் ஒருவருக்குச் சொல்லுக்கு 6 சென்ட், 4,000 சொல், ஆக 240 டாலர். 4,600 எழுதினாலும் அதே 240தான், கூடுதல் 600 சொல்லையும் எடிட்டர் வெட்டுவார். அவுட்லைன், முதல் வரைவு, சிவப்பு மையில் திரும்பி வருவது, ஆடிப் பார்க்கிறவர்கள் சொல்லும் குறை, மறுபடி எழுதுவது, எல்லாம் அந்தக் கூலிக்குள்ளேயே. உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் நிரப்ப வேண்டும், அதை நிரப்பிய கதையை அவரே ஒரு நாள் சொல்லட்டும், ஒரே நாளில் ஆடி முடிக்கும் ஒன்-ஷாட் கதை மாதிரி இருக்கும். எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் நாம் "புது புத்தகம்!" என்று குதிக்கிறோம். இந்த வருடம் ஒரு புத்தகம் தள்ளிப்போனதாக அறிவிப்பு வந்ததும் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) நம் குரூப்பில் எழுபது மெசேஜ், எல்லாம் ஏமாற்றம். அந்த உறுப்பினரின் ஒப்பந்தத்தில் பணம் புத்தகம் வெளியான பிறகுதான். நமக்குப் புத்தகம் தள்ளிப்போனது, அவருக்கு இரண்டு மாச வாடகை தள்ளிப்போனது. அந்த எழுபதில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

அடுத்து நம் சொந்தப் புத்தகம், தமிழில் நாமே எழுதும் விளையாட்டு. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டின், மற்றவர்கள் அந்த விதிகளை வைத்து எழுதி விற்பதற்கான புது உரிம வரைவு கசிந்து பெரிய கலாட்டா ஆனதும், அந்த மாதம் 27ஆம் தேதி அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். போன செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 22, திருத்திய விதிகளும் அதே மாதிரி வந்துவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், நாம் எழுதுவதை நாமே விற்கலாம். ஆக, சாக்குப்போக்கு ஒன்று குறைந்தது.

நம் கதை தாது வருஷப் பஞ்சத்தில் நடக்கிறது. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்களே, அந்தக் கூலியாட்கள்தான் நாயகர்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட பழமொழி தெரியும், இங்கே கால்வாய் வெட்டப் புறப்படுகிறது. இதைவிட நல்ல தொடக்கம் நமக்குக் கிடைக்காது என்பது என் கருத்து. ஆனால் 19 பக்கத்தில் நிற்கிறது, காரணம் கலைச்சொல் தகராறு. பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் ஹிட் பாயின்ட்டுக்கு "உயிர்ப்புள்ளி" என்று ஒரு கட்சி, அப்படியே விடு என்று ஒரு கட்சி. ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சேவிங் த்ரோவுக்கு வந்த ஒன்பது யோசனைகளில் எதையும் மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல முடியாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் அடி தப்பும், அது கெட்ட சகுனம். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால்தான் தாயம், காயே அப்போதுதான் இறங்கும். நம் விளையாட்டில் ஒன்று நல்லதாக இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு கூட்டம் அதிலேயே போனது. நான் தாயம் பக்கம். நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பாளரிடம் கையிலிருந்த பக்கங்களைக் காட்டினோம். "இது நாவலா, கணக்குப் புத்தகமா?" என்றார். முடிந்ததும் கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார், அதையும் பதிவு செய்கிறேன்.

செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. வரப்போகும் புத்தகப் பேச்சுக்குக் கூட்டத்தில் அரை மணி நேரம் மட்டும், எழுதும் மூவரிடமும் அது பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்புறம், கலைச்சொல் விவாதம் மே மாதத்தோடு முடிகிறது. முடியாவிட்டால் சீட்டுக் குலுக்கல்.

அடுத்த கூட்டம் மே 31, அதே மொட்டைமாடி ஷெட். மே 20 வரவிருக்கும் டாகர்ஹார்ட் என்ற புது விளையாட்டை அன்றைக்கு எடுக்கலாம். இரண்டு பன்னிரண்டு முகப் பகடை, ஒன்று நம்பிக்கைக்கு, ஒன்று பயத்துக்கு, ஆட ஆளுக்கு ஒரு ஜோடி கொண்டு வாருங்கள். டிஎம் கைடு பிப்ரவரியிலிருந்து ஒருவர் வீட்டிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு வந்துவிட வேண்டும்.

— செயலாளர்
சென்னை, 26 ஏப்ரல் 2025