மாத்திரை மாறினால் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் கைத்தறி நெய்யும் என் தம்பிக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தேன். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றி கண்டது 1971-இல், எங்கள் வேலூரில். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அறுவைக்குப் பிந்தைய பாடுகளை ஊரில் யாரும் பேசுவதில்லை.

புதுச் சிறுநீரகத்தை உடல் என்றைக்கும் அந்நியமாகவே பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் விழுங்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், சிறுநீரகமே கெடும். பம்பளிமாஸ் பழம்கூட அந்த அளவைக் கூட்டிவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற கோடையில் ஒரு மருந்துக் கடையில், "இதுவும் அதேதான்" என்று வேறு நிறுவனத்து மாத்திரையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பரிசோதனையில் மருந்தின் அளவு இறங்கி, சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் அன்று உலை வைக்கவில்லை. மருத்துவர் உடனே கவனித்ததால் தப்பினான். நிறுவனம் மாறினால் மருத்துவரிடம் சொல்லி, ரத்த அளவை மீண்டும் பார்த்தே தீர வேண்டும். கடைக்காரர்களே, தயவுசெய்து கேட்காமல் மாற்றாதீர்கள்.

இந்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் அதற்காக நெரிசலான பஸ்ஸில் வேலூருக்கு ஓடுகிறார்கள். தாலுகா அரசு மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்து அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

— ஒரு வாசகி, குடியாத்தம்